கொடிக்கு வராத துணி

மாதவிலக்கையும் சுற்றுச்சூழலையும் சேர்த்துப் பேசத் தொடங்கினால் உடனே இரண்டு கட்சிகள் எழுந்து நிற்கின்றன. பழைய பருத்திச் சேலையைக் கிழித்து மடித்துக் கட்டிய காலத்தில் மண்ணுக்கும் நீருக்கும் ஒரு கேடும் நேரவில்லை, பாட்டிமார் வழிக்கே திரும்புவோம் என்பது ஒரு கட்சி. துணி என்றாலே நோய், நாப்கின் வந்த பிறகுதான் பெண்ணுக்கு விடிந்தது என்பது மற்றது. இரண்டும் துணியைப் பார்க்கின்றன. அதைத் துவைத்த நீரையும் அது காய்ந்த இடத்தையும் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ நூறாண்டில் இந்தத் துணிக்கு நேர்ந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால், முன்பு பெண்ணின் உடம்பைக் கெடுத்ததற்கும் இன்று குப்பைமேட்டை நிரப்புவதற்கும் வேர் ஒன்றுதான் என்று தெரிகிறது. அந்தத் துணி யார் கண்ணிலும் படக் கூடாது, வீட்டுக் கொடிக்கு வரக் கூடாது என்று விதித்த கட்டளையே அந்த வேர். அந்தக் கட்டளையைத் தொடாமல் துணியை மட்டும் மாற்றியதால்தான் ஒரு கேடு போய் இன்னொரு கேடு வந்து சேர்ந்தது.

பழைய முறையில் இருந்த நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். பலமுறை துவைத்து நைந்த பருத்திச் சேலையையும் வேட்டியையும் போல ஈரம் உறிஞ்சும் பொருள் வீட்டில் வேறு இல்லை. புதுத் துணியின் கஞ்சியும் விறைப்பும் போய், நூல் மெலிந்து, தொடையை அறுக்காத பதத்துக்கு அது வந்திருக்கும். அதை நீளவாக்கில் கிழித்து, நாலைந்து மடிப்பாக மடித்து, இடுப்பில் கட்டிய கயிற்றிலோ நாடாவிலோ முன்னும் பின்னும் செருகிக்கொள்வார்கள். ஒரு துண்டு பல மாதம் உழைக்கும். பிறகு புதைத்தால் மட்கும், எரித்தால் சாம்பலாகும். காசு செலவும் இல்லை. ஆனால் இது கிழிப்பதற்குப் பழஞ்சேலை மிஞ்சிய வீடுகளின் கதை. மாற்றிக் கட்ட இரண்டாவது சேலைக்கே வழியில்லாத குடும்பத்தில் கிழிக்கத் துணி ஏது? சாம்பலையும் உமியையும் மணலையும் கந்தலில் பொதிந்து வைத்துக்கொண்ட பெண்கள் இந்த நாட்டில் உண்டு. எதுவுமே வைக்காமல் உள்பாவாடை மடிப்பிலேயே உதிரத்தைத் தாங்கிக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்து நடவு நட்டவர்களும் உண்டு. பாட்டி வழி என்று இன்று ஏக்கத்தோடு சொல்லப்படுவது எல்லாப் பாட்டிகளின் வழியும் அல்ல.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்தக் காலத்துப் பெண் இன்றைய பெண் அளவுக்கு விலக்காகவில்லை. வயதுக்கு வருவது தாமதம், மணமுடிப்பது சீக்கிரம், அடுத்தடுத்துப் பிள்ளைப்பேறு, ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வருடம் தாய்ப்பால் என்று அவள் வாழ்வின் பெரும்பகுதி உதிரமில்லாமலே கழிந்தது. மாலி நாட்டின் டோகன் மக்களிடையே பெவர்லி ஸ்ட்ராஸ்மன் என்ற மானிடவியலாளர் நடத்திய ஆய்வில், கருத்தடை வழக்கமில்லாத அந்தச் சமூகத்துப் பெண் வாழ்நாளில் ஏறத்தாழ நூறு முறைதான் விலக்காகிறாள் என்று தெரியவந்தது. ஒன்றிரண்டு பிள்ளையோடு நிறுத்திக்கொள்ளும் இன்றைய பெண்ணுக்கு இது நானூறை ஒட்டி வருகிறது. ஆகவே பழைய காலம் குறைவாகக் குப்பை போட்டதற்குத் துணி மட்டும் காரணமல்ல, ஓயாத பேறுகாலமும் காரணம். அதைத் திரும்பக் கேட்க எந்தப் பெண்ணும் வரப்போவதில்லை.

இனி அந்தத் துணி எங்கே காய்ந்தது என்று பார்க்க வேண்டும். மற்றத் துணியெல்லாம் முற்றத்துக் கொடியில் வெயிலில் ஆடும்போது இது மட்டும் கூரை இடுக்கிலும், மாட்டுக்கொட்டகைக் கழியிலும், கொல்லைப்புற வேலியின் நிழலிலும், ஈரப் பாவாடைக்கு அடியிலும் கிடந்தது. ஆண் கண்ணில் பட்டால் குற்றம். பாம்பு அதன் மேல் ஊர்ந்தால் வயிறு திறக்காது என்ற நம்பிக்கை பல ஊர்களில் இருந்தது. குளத்திலும் வாய்க்காலிலும் எல்லாரும் குளிக்கும் துறையில் அதை அலசக் கூடாது. விடியுமுன் இருட்டிலோ அந்தி சாய்ந்த பிறகோ, தனித்த ஓரத்தில், கிடைத்த கொஞ்சத் தண்ணீரில், பெரும்பாலும் சோப்புக்கூட இல்லாமல் கசக்கிப் பிழிந்து திரும்ப வேண்டும். அரை ஈரத்தோடு மடித்து ஒளித்து வைத்த துணியைத்தான் அடுத்த மாதம் எடுத்துக் கட்டினாள். பூஞ்சைக்கும் கிருமிக்கும் வேண்டிய இருட்டும் ஈரமும் அங்கே குறைவில்லாமல் இருந்தன. வெயிலோ காசில்லாமல் கிடைக்கும் கிருமிநாசினி. ஆண்டில் பெரும்பகுதி சுள்ளென்று காயும் இந்த மண்ணில், பெண்ணுக்கு அதிகம் தேவைப்பட்ட ஒரு துணிக்கு மட்டும் அந்த வெயில் மறுக்கப்பட்டது.

விலக்கி வைக்கும் வழக்கம் மிகப் பழையது. விலக்கான பெண்கள் கலங்களைத் தொடாமல் முருகன் கோட்டத்துக்கு அப்பால் ஒதுங்கி நின்ற செய்தி புறநானூற்றிலேயே உவமையாக வருகிறது. பிற்காலத்தில் ஊருக்கு வெளியே முட்டுவீடுகள் எழுந்தன. மதுரை மாவட்டம் கூவலாபுரத்தில் அப்படியொரு வீடு இந்த நூற்றாண்டிலும் புழக்கத்தில் இருந்ததைப் பத்திரிகைகள் எழுதின. உழைத்துக் களைத்த பெண்ணுக்கு ஓய்வு கொடுக்கவே முன்னோர் இப்படி வைத்தார்கள் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். மேலோட்டமாகத் தள்ளிவிடக் கூடிய வாதம் அல்ல இது. அடுப்படியிலிருந்து மூன்று நாள் விடுபட்டதை நிம்மதியாக நினைத்த பெண்கள் உண்மையிலேயே உண்டு. ஆனால் ஓய்வுக்காக ஏற்பட்ட இடம் என்றால் வீட்டிலேயே நல்ல இடமாக அது இருந்திருக்க வேண்டும். கிணற்றுக்குத் தடை, குளிக்கத் தடை, படுக்கப் பாயும் தலைக்கு மரக்கட்டையும் மட்டும் என்றிருந்ததை ஓய்வு என்று எப்படிச் சொல்வது? மேலும், வீட்டு வேலை நின்றதே தவிர வயல் வேலை நிற்கவில்லை. கூலிக்காரப் பெண்ணுக்கு அந்த மூன்று நாளும் நடவும் களையெடுப்பும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டைப் பக்கம் பூப்பெய்தியதற்காகத் தனிக் குடிசையில் படுக்கவைக்கப்பட்ட சிறுமி ஒருத்தி, குடிசை மேல் தென்னை விழுந்து இறந்தாள். ஓய்வு என்ற சொல்லால் அந்த மரணத்துக்கு விளக்கம் சொல்ல முடியாது.

இவ்வளவு மறைப்புக்கு நடுவிலும் பழைய ஊர் அமைப்பில் ஒரே ஓர் இடத்தில் இந்தத் துணிக்கு முறையான சுத்தம் கிடைத்தது. அது வண்ணார் வீட்டு வெள்ளாவி. தீட்டு நாளில் உடுத்திய சேலை, பேறுகாலத்துத் துணி, சாவு வீட்டுத் துணி ஆகியவை அங்கே போயின. உவர்மண் கரைத்த நீரில் துணியை ஊறப்போட்டு, தண்ணீர் கொதிக்கும் பானையின் மேல் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைத்து, மறுநாள் கல்லில் அடித்து அலசி ஆற்று மணலில் வெயிலில் விரிப்பார்கள். காரம், கொதியாவி, வெயில் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக. மருத்துவமனையில் துணியைச் சுத்தப்படுத்தும் முறைக்கு இதைவிட நெருக்கமான ஒன்று அந்தக் காலத்துக் கிராமத்தில் இல்லை. பாட்டிமார் வழி என்று பெருமை பேசுபவர்கள் சொல்லாமல் விடுவது இந்த இடத்தைத்தான். சுத்தம் என்ற ஒன்று இருந்த அளவில், அது இன்னொரு குடும்பத்தின் கையிலும் மூக்கிலும் ஏற்றப்பட்ட சுமையாக இருந்தது. கூலியாக இரவில் வீடுவீடாகச் சோறு, அறுப்புக் காலத்தில் களத்தில் கொஞ்சம் நெல். பிறர் தீட்டைக் கழுவியதற்காகவே அவர்கள் மேல் தீட்டு ஏற்றப்பட்டது. ஒடுக்கப்பட்ட சாதிகளுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார் நிலைமை இன்னும் கொடியது. திருநெல்வேலிச் சீமையில் அவர்கள் பகலில் வெளியே வரவே கூடாதென்று இருந்ததையும், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் அவர்கள் வேலை செய்ததையும் 1932 டிசம்பரில் இந்து நாளிதழ் வெளியிட்டது. பின்னாளில் இமையம் 1994இல் வெளியிட்ட ‘கோவேறு கழுதைகள்’ நாவல் அப்படிப்பட்ட குடும்பமொன்றின் வாழ்வை மையமாக வைத்தது.

சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த ஏற்பாடு மெல்லக் கலைந்தது. கலைய வேண்டியதும்தான். வண்ணார் குடும்பங்கள் ஊர்ச் சேவகத்தை விட்டு நகரத்துச் சலவைக்கும் இஸ்திரி வண்டிக்கும் வேறு வேலைகளுக்கும் போயின. கூடவே நைலக்ஸும் பாலியஸ்டரும் வந்தன. பளபளப்பு, சாயம் போகாது, நாலு வருடம் கிழியாது, சீக்கிரம் காயும் என்று ஏழைப் பெண்கள் அவற்றை விரும்பியதில் நியாயம் உண்டு. ஆனால் நைந்துபோன நைலக்ஸ் உதிரத்தை உறிஞ்சாது, வழியவிடும். தோலை அரித்துப் புண்ணாக்கும். வெள்ளாவியும் போய், பருத்திக் கந்தலும் அருகிய அந்த இடைக்காலத்தில் ஒளித்துக் காயவைக்கும் கட்டளை மட்டும் அப்படியே இருந்தது. இருந்த முறைகளில் எல்லாவற்றையும்விட மோசமான நிலையில், ஒரு துண்டுச் செயற்கை இழைத் துணியோடு பெண் தனியாக நின்றாள். நாப்கின் வந்து சேர்ந்தது இந்த வெறுமையில்தான்.

அது பிறந்த கதை வேறு நாட்டுக்குரியது. முதல் உலகப் போரில் காயத்துக்குக் கட்டுப்போட மரக்கூழிலிருந்து செய்த உறிஞ்சும் பஞ்சைச் செவிலியர்கள் தங்கள் விலக்குக்கும் பயன்படுத்தினார்கள். போர் முடிந்து மிஞ்சிய சரக்கு, 1920 வாக்கில் கோடெக்ஸ் என்ற பெயரில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. நெடுங்காலம் அதை இடுப்புப் பட்டியில் மாட்டித்தான் அணிந்தார்கள். 1970ஐ ஒட்டித்தான் பசையோடு ஒட்டும் வகை வந்தது. உள்ளாடை அணியும் வழக்கம் பரவாத இடத்தில் அது பயன்படாது என்பதால் நம் கிராமங்களை எட்ட இன்னும் சில பத்தாண்டுகள் பிடித்தன. 1990களில் தொலைக்காட்சி விளம்பரங்கள் அதை வீடுதோறும் அறிமுகப்படுத்தின. அந்த விளம்பரங்களில் உதிரம் நீல நிறத்தில் இருந்தது. கடைக்காரர் பொட்டலத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுக் கொடுத்தார். பெண் அதில் காசு கொடுத்து வாங்கியது உறிஞ்சும் பஞ்சை மட்டுமல்ல, துவைத்துக் காயவைக்கும் அவமானத்திலிருந்து விடுதலையையும்தான். கட்டளை மீறப்படவில்லை. அதற்குக் கீழ்ப்படிவது எளிதாக்கப்பட்டது, அவ்வளவுதான்.

கோயம்புத்தூர் அருணாச்சலம் முருகானந்தம் இந்த வரலாற்றில் பெறும் இடம் பெரியது. மனைவி பழந்துணியை மறைத்து எடுத்துப் போவதைக் கண்டு அவர் தொடங்கிய முயற்சி, பன்னாட்டு நிறுவனங்களின் பொருளில் இருப்பது பஞ்சல்ல, மரக்கூழ் இழை என்று கண்டறிவதில் முட்டி மோதி, கடைசியில் சுயஉதவிக் குழுப் பெண்கள் வாங்கி இயக்கக் கூடிய மலிவான எந்திரமாக முடிந்தது. 2016இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தமிழ்நாடு அரசு 2012இல் தொடங்கிய ‘புது யுகம்’ திட்டம் கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பொட்டலம், பொட்டலத்துக்கு ஆறு என்று விலையில்லாமல் கொடுத்தது. பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் சிறையிலிருக்கும் பெண்களுக்கும்கூட நீட்டித்தது. இவற்றைச் சிறுமைப்படுத்துவது நன்றிகெட்ட செயல். ஆனால் அதற்கு முந்திய ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2011இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 23 வீடுகளில்தான் கழிப்பறை இருந்தது. ஆக, கதவு சாத்திக்கொள்ளும் ஓர் அறையும் தண்ணீரும் வருவதற்கு முன்பே நாப்கின் வந்துவிட்டது. இடமும் தண்ணீரும் இருந்திருந்தால் அவள் வேறொன்றைத் தேர்ந்திருக்கலாம். அந்தத் தேர்வு அவளுக்குக் கிடைக்கவே இல்லை.

நாப்கின் சுகாதாரம், துணி அசுத்தம் என்ற எண்ணம் அரசுக் கணக்கிலேயே எழுதப்பட்டுவிட்டது. தேசியக் குடும்பநல ஆய்வு 15 முதல் 24 வயதுப் பெண்களிடம் எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்கிறது. நாப்கின், உள்ளூரில் செய்த நாப்கின், டேம்பான், மாதவிடாய்க் கப் ஆகியவை சுகாதார முறை. துணி அதில் சேராது. 2019-21 ஆய்வில் இந்தியா முழுவதும் 64 விழுக்காட்டினர் நாப்கினையும் 50 விழுக்காட்டினர் துணியையும் சொன்னார்கள், ஒருவரே இரண்டையும் பயன்படுத்துவதால் கூட்டல் நூறைத் தாண்டும். தமிழ்நாட்டில் சுகாதார முறை 98 விழுக்காடு என்று வந்தது. மாநிலம் பெருமைப்பட்டது. ஒரே நாப்கினைப் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இல்லாததால் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து வரை மாற்றாமல் வைத்திருக்கும் மாணவியும் அந்த 98இல் அடக்கம். சோப்புப் போட்டுத் துவைத்து மொட்டை மாடி வெயிலில் காயவைத்துத் துணி பயன்படுத்துபவள் அதில் இல்லை.

மருத்துவச் சான்று என்ன சொல்கிறது? ஒடிசா மருத்துவமனைகளுக்கு வந்த பெண்களிடையே நடந்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. மறுபடி பயன்படுத்தும் துணி வைத்தவர்களிடம் பிறப்புறுப்பு, சிறுநீர்த் தொற்றுகள் கூடுதல் என்று அது காட்டியது. துணிக்கு எதிரான கட்சி இதோடு நிறுத்திக்கொள்ளும். அதே மாநிலத்தில் தொடர்ந்து நடந்த ஆய்வு 2018இல் வந்தது. துணி வைத்தவர்களிடம் கேண்டிடா என்ற பூஞ்சைத் தொற்று கூடுதலாகவே இருந்தது. ஆனால் துணி பயன்படுத்துபவர்களுக்குள்ளேயே பிரித்துப் பார்த்தபோது, அதை வீட்டுக்குள் காயவைத்தவர்களிடமும் கழிப்பறையில் ஒளித்து வைத்தவர்களிடமும் அந்தத் தொற்று மிகுந்திருந்தது. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் பார்த்த ஆய்வுகள் இவை, காரணத்தை முற்றாக நிறுவிவிட்டன என்று சொல்லக் கூடாது. ஆயினும் அவை காட்டும் திசை தெளிவானது. நோய் பஞ்சு நூலில் இல்லை, நிழலில் இருக்கிறது. புதியது எல்லாம் பாதுகாப்பு என்பதற்கும் சான்று இல்லை. அமெரிக்காவில் அதிகம் உறிஞ்சும் ரிலை என்ற டேம்பான், உயிரைப் பறிக்கும் நச்சு அதிர்ச்சி நோயோடு தொடர்புபடுத்தப்பட்டு 1980 செப்டம்பரில் கடையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. டெல்லியின் டாக்சிக்ஸ் லிங்க் அமைப்பு 2022இல் இந்தியச் சந்தையின் நாப்கின் வகைகளைச் சோதித்து, இயற்கைப் பொருள் என்று விற்பவை உட்பட எல்லாவற்றிலும் தாலேட்டு என்ற வேதிப்பொருள்களைக் கண்டது. இருப்பதாலேயே தீங்கு நேர்ந்துவிட்டது என்று ஆகாது. ஆனால் மாதத்தில் ஐந்து நாள், முப்பத்தைந்து வருடம், உடம்பின் மிக மெல்லிய தோலோடு ஒட்டியிருக்கும் பொருளில் என்ன இருக்கிறது என்று பொட்டலத்தில் அச்சிடக் கேட்பது பெண்ணின் உரிமை.

இனி அது போய்ச் சேரும் இடம். சாதாரண நாப்கினின் மேல்விரிப்பு பாலிப்ரொப்பிலீன், அடிவிரிப்பு பாலிஎதிலீன், நடுவில் மரக்கூழும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற உறிஞ்சும் வேதிப்பொருளும். பெரும்பகுதி மட்காது. இந்தியாவில் நாப்கின் பயன்படுத்தும் 12.1 கோடிப் பெண்களுக்கு மாதம் எட்டு என்று வைத்துக்கொண்டால்கூட ஆண்டுக்கு ஆயிரத்து நூறு கோடியைத் தாண்டுகிறது. எடை ஒரு லட்சம் டன்னுக்கு மேல் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. எரித்துவிடலாமே என்று பள்ளிகளில் சிறு எரிகலன்கள் வைத்தார்கள். மருத்துவக் கழிவை எரிக்கும் உலையின் இரண்டாம் அறை 1050 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும் என்று 2016இன் விதி கேட்கிறது. கழிப்பறைச் சுவரில் மாட்டிய சிறு பெட்டியில் அந்தச் சூடு கிடைக்காது. அரைகுறையாக எரியும் நெகிழி டயாக்சின் போன்ற நச்சுகளைப் பிள்ளைகள் நடமாடும் இடத்திலேயே விடும். கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் சாக்கடை அடைக்கும், அடைப்பெடுக்க ஆள் இறங்குவார். குப்பைத் தொட்டியில் போட்டால் சென்னையில் பெருங்குடிக்கோ கொடுங்கையூருக்கோ போகும் வழியில் ஒரு தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் பிரிப்பார். தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் இன்றும் அருந்ததியர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர். வண்ணார் துறையிலிருந்து துணி வெளியேறிய பிறகும் உதிரம் அதே படிநிலையின் கடைசிக் கையில்தான் போய் முடிகிறது. புனே நகரத்தில் குப்பை சேகரிக்கும் பெண்களின் கூட்டுறவு, நாப்கினைத் தாளில் சுற்றி மேலே சிவப்புப் புள்ளியிட்டுக் கொடுங்கள் என்று வீட்டுப் பெண்களைக் கேட்டது. அப்படிச் சுற்றும் உறைகளைத் தர வேண்டிய கடமை உற்பத்தி நிறுவனங்களுக்கு உண்டென்று 2016இன் திடக்கழிவு விதியிலேயே எழுதப்பட்டது.

இங்கே ஒரு நேர்மையான மறுப்பு எழும். கார், குளிர்சாதனப் பெட்டி, நெகிழித் தட்டு என்று ஊரே குப்பை போடும்போது பூமியைக் காக்கும் பாரத்தைப் பெண்ணின் அந்தரங்க உடுப்பின் மேல் ஏற்றுவது என்ன நியாயம்? இந்தக் கேள்வியை நான் முழுமையாக மதிக்கிறேன். மாதவிலக்கின் சிரமத்தோடு சுற்றுச்சூழல் குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமக்க எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்தக் கூடாது. பத்து மணி நேரம் பஸ்ஸிலும் கட்டுமானத் தளத்திலும் இருக்கும் பெண்ணுக்கு நாப்கின்தான் வசதி என்றால் அவள் அதையே வைத்துக்கொள்ளட்டும், அதை மட்கும் பொருளால் செய்வதும் திரும்பச் சேகரிப்பதும் நிறுவனத்தின் பொறுப்பு. வாழைநார், சணல் கொண்டு செய்பவை இப்போது வருகின்றன. ஆனால் அதுவே முழுத் தீர்வு என்று நிறுத்திக்கொள்ள முடியவில்லை. மட்கும் நாப்கினும் மட்குவதற்கேற்ற இடத்தில் போய்ச் சேர்ந்தால்தான் மட்கும், குப்பைமேட்டில் நெகிழியோடு கலந்து எரிந்தால் அந்தப் பயனில்லை. விலையும் கூடுதல்.

மறுபடி பயன்படுத்தும் வழிகள் ஏற்கெனவே நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆரோவிலில் இயங்கும் எக்கோஃபெம் தைக்கும் பருத்திப் பட்டைகள் சில ஆண்டுகள் உழைக்கக் கூடியவை. கிராமத்துப் பெண்கள் தையல் கூலி பெறுகிறார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாமலும் தருகிறார்கள். மாதவிடாய்க் கப் இன்னும் குறைவாகக் கழிவு தருவது. அமெரிக்க நடிகை லியோனா சால்மர்ஸ் 1937லேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். உள்ளே வைத்துத் தானே எடுத்துக் கழுவ வேண்டும் என்ற கூச்சம் அப்போது அதை முடக்கியது. போர்க்கால ரப்பர்த் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. இன்று மருத்துவத் தர சிலிகானில் வருகிறது, ஒன்று சில ஆண்டு முதல் பத்தாண்டு வரை உழைக்கும். 2019இல் லான்செட் பொதுச் சுகாதார இதழ் 43 ஆய்வுகளைத் தொகுத்து, அது பாதுகாப்பானது, கசிவிலும் மற்றவற்றுக்குச் சளைத்ததல்ல என்று சொன்னது. அதே 2019இல் ஆலப்புழை நகராட்சி ஆயிரக்கணக்கான கப்களை விலையில்லாமல் விநியோகித்தது. எர்ணாகுளத்துக் கும்பளங்கி 2022 ஜனவரியில் நாட்டின் முதல் நாப்கின் இல்லாப் பஞ்சாயத்தாக அறிவிக்கப்பட்டது. கன்னித்தன்மை கெட்டுவிடும் என்ற அச்சம் நம் பக்கத்தில் பெரிய தடை. கன்னிச்சவ்வு ஓட்டத்திலும் மிதிவண்டியிலும் கிழியக் கூடிய ஒன்று, ஒழுக்கத்தின் முத்திரை அல்ல என்பதைத் தாய்மாருக்கும் தாத்தா பாட்டிமாருக்கும் செவிலியர்கள் நேருக்கு நேர் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னொரு தடை இதைவிட உண்மையானது. கப்பைக் கொதிக்கவைக்கச் சமையலறை அடுப்பில் ஒரு பாத்திரம் வேண்டும். பருத்திப் பட்டைக்கு ஒரு வாளித் தண்ணீரும் வெயிலில் ஒரு கயிறும் வேண்டும். விலக்கானவள் அடுப்படிக்குள் வரக் கூடாத வீட்டில், கொடியில் மாமனார் கண்ணில் படும் என்று கூசும் வீட்டில், எவ்வளவு நல்ல பொருளைக் கொடுத்தாலும் அது பழைய கூரை இடுக்குக்கே போய்ச் சேரும். ஈரத்தோடு ஒளித்த விலையுயர்ந்த பருத்திப் பட்டையும் பழஞ்சேலைத் துண்டும் உடம்புக்கு ஒன்றுதான்.

ஆகவே கேட்க வேண்டியவற்றைச் சரியான வரிசையில் கேட்போம். பள்ளி, கல்லூரி விடுதிக் கழிப்பறைகளில் நாள் முழுதும் தண்ணீர், சோப்பு, உள்தாழ்ப்பாள், வெயில் படும் மறைவான இடத்தில் துணி உலர்த்தக் கொடி ஆகியவை கட்டட விதியிலேயே சேர வேண்டும். புது யுகம் திட்டத்தில் நாப்கினோடு பருத்திப் பட்டையையும் கப்பையும் வைத்து, பயன்படுத்தும் முறையைச் சொல்லிக் கொடுத்து, எது வேண்டும் என்பதைப் பெண்ணே தேர்ந்தெடுக்க விட வேண்டும். பயன்படுத்தியதைப் பிரித்துச் சேகரிக்கவும், பணியாளர் கைபடாமல் கொண்டுபோகவும் ஆகும் செலவை உற்பத்தி நிறுவனங்களிடமே வசூலிக்க வேண்டும். அடுத்த குடும்பநல ஆய்வு எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதோடு நிற்காமல், மாற்ற இடம் இருக்கிறதா, துவைக்கத் தண்ணீர் இருக்கிறதா, எங்கே காயவைக்கிறீர்கள் என்றும் கேட்க வேண்டும். இதைப் படிக்கும் அப்பாக்களும் அண்ணன் தம்பிகளும் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டு மொட்டை மாடிக் கொடியில் உங்கள் சட்டைக்குப் பக்கத்திலேயே அந்தத் துணியும் காயட்டும் என்று உங்கள் வீட்டுப் பெண்களிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.